பெட்டிக்குள் எத்தனை அடியேன்

மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம் இருக்கிறது. அங்கே யாரும் "நான்" என்று சொல்ல மாட்டார்கள். "அடியேன்" என்றுதான் சொல்வார்கள். கதவைத் தட்டுகிறவரை "யாரு?" என்று கேட்டால், "அடியேன்" என்று பதில் வரும். குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான். சளி பிடித்த காலத்தில் அதற்கும் வழியில்லை.

பேர் விஷயமும் அப்படித்தான். அடுத்தவர் பேர் சொல்லிக் கூப்பிடலாம். தன் வாயால் தன் பேரைச் சொல்லக்கூடாது. அது அங்கத்து வழக்கம்.

கோலப்பன் அங்கே வந்து சேரும்போது அவருக்குத் தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. அதற்கு முன் நாகர்கோவிலில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். ஆசிரமத்துக் குரு அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர், பெண். எல்லாரும் அவரை அம்மை என்பார்கள். அம்மையோ கோலப்பனை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். கோலப்பனுக்குக் கூசும்.

"சீடனைப் போய் அண்ணாச்சின்னு கூப்பிடலாமா அம்மை?"

"அது வயசுக்கு. உங்க புத்திக்கு வேற பேரு வச்சிருக்கேன். அதை மனசுக்குள்ள கூப்பிட்டுக்கிடுவேன்."

கோலப்பன் வந்தபிறகு ஆசிரமத்துக் கணக்கு வழக்கெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியது. நடுக்கூடத்தில் ஒரு சர்வர் வைத்தார். ஆசிரமத்தார் அதைப் பெரிய பெட்டி என்பார்கள். மருந்தகத்தில் ஒரு கம்ப்யூட்டர், ரத்தப் பரிசோதனை அறையில் ஒன்று, தங்கும் அறைகளுக்கு ஒன்று, மாட்டுத் தொழுவத்துக்கு ஒன்று. இப்படி அங்கங்கே இருந்தன. எதைப் பார்க்க வேண்டுமானாலும், எதை எழுத வேண்டுமானாலும், அவை பெரிய பெட்டியின் கதவைத் தட்டி, பேர் சொல்லி, உள்ளே போக வேண்டும். உள்ளே போனது வெளியே வரும்வரை அதற்கென்று ஓர் இடம். கோலப்பனின் திரையில் அதற்கென்று ஒரு வரி.

என்ன பேர் சொல்லித் தட்டுவது? கம்பெனியில் என்றால் இடத்துக்கு ஒரு பேர் வைத்திருப்பார். இது ஆசிரமம் ஆயிற்றே. ஒரு நாள் முழுக்க யோசித்து, எல்லாவற்றுக்கும் ஒரே பேரை வைத்தார்.

அடியேன்.

எந்த ப்ரோகிராம் வந்திருக்கிறது என்று எழுதுவதற்குத் தனியாக ஓர் இடம் உண்டு. அதிலும் அடியேன் என்றே போட்டார். எல்லா அறைக் கம்பிகளும் ஒரே இடத்தில் சேர்ந்து போனதால் எந்த அறையிலிருந்து வருகிறது என்பதும் தெரியாமல் போயிற்று. அதுகூட அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அம்மையிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"பெட்டிக்குள்ளயும் அகந்தை கிடையாது அம்மை."

அம்மை சிரித்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அன்றைக்கு இரண்டு பேருக்கும் ஏக சந்தோஷம்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை வந்தது.

வியாழக்கிழமை ஆசிரமத்தில் இலவச வைத்தியம். டவுனிலிருந்து டாக்டர் ஜெபசிங் வருவார். அவர் ஆசிரமத்து ஆள் இல்லை. வார்த்தைக்கு வார்த்தை நான், நான் என்பார். அன்று காலையில் அவர் முன்னால் ஒரு பிள்ளைக்காரி உட்கார்ந்திருந்தாள். மேல்மலையில் எங்கோ ஓர் ஊர். மடியில் இரண்டு வயசுப் பையன். வலிப்புக்காரப் பிள்ளை. மருந்து நேற்றோடு தீர்ந்துவிட்டது. காலை வேளை மருந்து பிள்ளைக்குப் போகவில்லை.

டாக்டர் பிள்ளையின் பக்கத்தைத் திறக்கப் பார்த்தார். திரையில் ஒரு சக்கரம் சுற்றியது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"அண்ணாச்சி!" என்று கத்தினார்.

கோலப்பன் ஓடி வந்தார்.

"போன தடவை எனக்குப் பதிலா வந்த டாக்டர் மருந்து அளவை மாத்தியிருக்காரு. அவரு இப்ப வெளிநாட்டுல. இந்தம்மா பாதி மூடிங்குது. எந்த மருந்துல பாதி மூடி? இதுல ரெண்டு வீரியம் இருக்கு. குறைஞ்சா பிள்ளைக்கு வலிப்பு வரும். கூடினா மூச்சு தங்காது. நான் என்ன, சோழி உருட்டியா பாக்க?"

"இப்ப சரியாயிரும் டாக்டர்."

"அரை மணி நேரமா இதையேதான் இதுவும் சொல்லுது" என்று டாக்டர் சக்கரத்தைக் காட்டினார்.

கோலப்பன் தன் இடத்துக்கு ஓடினார். பெட்டிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். பெட்டி பட்டென்று பதில் சொன்னது.

அடியேன். அடியேன். அடியேன். அடியேன். திரை நிறைந்து, அதற்குக் கீழேயும் அடியேன்.

விஷயம் இதுதான். பெட்டிக்குள் ஒருவர் ஒரு பக்கத்தைத் திருத்த எடுத்தால், அவர் கீழே வைக்கும்வரை அடுத்தவருக்கு அது கிடைக்காது. தொட்டிலில் ஒரு பிள்ளை கிடக்கும்போது இன்னொன்றைக் கிடத்த முடியாதல்லவா, அது மாதிரி. யாரோ ஓர் அடியேன் அந்தப் பிள்ளையின் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தது. மருந்தகத்து அடியேன் அதற்குப் பின்னால் நின்றது. அதற்குப் பின்னால் இன்னும் பல அடியேன்கள். உள்ளே இடமெல்லாம் நிறைந்து, புதிதாக ஒன்றும் நுழைய முடியவில்லை.

எந்த வரி பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கோலப்பனுக்குத் தெரிந்தது. அது யாருடைய வரி என்பதுதான் தெரியவில்லை.

அந்த வரியை வெட்டிவிடலாம். ஒரே ஒரு கட்டளை. ஆனால் வெட்டினால் அந்த ஆள் அதுவரை எழுதியது அத்தனையும் போய்விடும். ரத்தப் பரிசோதனை அறையில் விடிகாலையிலிருந்து ஊர்ச்சனம் வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. அந்தக் கணக்கு இந்த வரியில் இருந்தால்? மறுபடியும் அத்தனை பேரையும் கூப்பிட்டுக் குத்துவதா?

கேட்டுவிட்டால் போயிற்று என்று ரத்தப் பரிசோதனை அறைக்குப் போனார். அங்கே தங்கபுஷ்பம் ஊசிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"பெட்டியில எதையாவது திறந்து வச்சிருக்கியளா?"

"அடியேன் என்ன கண்டேன் அண்ணாச்சி? எல்லாம் அவன் செயல்."

"அவன் செயல்தான். ரத்தக் கணக்கை எழுதினது அவனா, நீங்களா?"

"அடியேன் வெறும் கருவி."

"சரி. கருவி அதை சேவ் பண்ணிச்சா?"

தங்கபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டு மேலே கை காட்டினார்.

கோலப்பன் தங்கும் அறைகள் பக்கம் ஓடினார். அங்கே பொறுப்பு தாணுமூர்த்திக்கு. வருகிறவர்களுக்கு அறை ஒதுக்குவது அவர் வேலை.

"தாணுமூர்த்தி, நோயாளிங்க பக்கம் எதையாவது நீரு தொட்டீரா? தங்க வந்தவங்கன்னு நினைச்சுத் தொட்டிருக்கலாம்லா?"

"தொடுறதுக்கு அடியேன் யாரு? விடுறதுக்கு அடியேன் யாரு?"

"வேதாந்தம் அப்புறம் ஓய். திரையைப் பாத்துச் சொல்லும்."

"பாக்கிறதும் அடியேன் இல்லை."

கோலப்பன் தானே எட்டிப் பார்த்தார். எல்லாத் திரையிலும் இருக்கிற அதே முகப்புதான் அதிலும் இருந்தது. அதற்குள்ளே என்ன திறந்து கிடக்கிறது என்பது திறந்தவருக்குத்தான் வெளிச்சம்.

மாட்டுத் தொழுவத்தில் ஆவுடையப்பன் பால் அளந்துகொண்டிருந்தார். கேள்வியை முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"பசு கொடுக்குது, கன்னு குடிக்குது. நடுவுல அடியேன் யாரு அண்ணாச்சி?"

கோலப்பனுக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும் போல் இருந்தது. கம்பெனியில் எத்தனையோ கோபக்காரர்களோடு வேலை பார்த்திருக்கிறார். "நான்தான் செஞ்சேன், என்ன பண்ணுவே?" என்று சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களெல்லாம் எவ்வளவு நல்லவர்கள் என்று இப்போதுதான் தெரிந்தது.

மருந்தகத்துக்குத் திரும்பினார். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"கண்டுபிடிச்சாச்சா?" என்றார் டாக்டர்.

"கேட்டேன். யாருமே செய்யலியாம்."

"அப்ப பெட்டி தானா செஞ்சிருக்கு. அதுக்கு ஒரு மாலை போட்டுக் கும்பிடுங்க."

பிள்ளைக்காரி கோலப்பனின் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, இங்க பாருங்க. விரலைப் பாருங்க."

பிள்ளையின் கட்டைவிரல் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. விட்டு விட்டுத் துடித்தது. பிள்ளை அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"இப்படித்தான் ஆரம்பிக்கும். முதல்ல விரலு. அப்புறம் வாயி. அப்புறம் கண்ணு மேல போயிரும். சீக்கிரம் பண்ணுங்கண்ணே."

கோலப்பன் மடிக்கணினியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அம்மையைத் தேடி ஓடினார். அம்மை சமையல்கட்டுக்குப் பின்னால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மை, ஒரு கேள்வி."

"ஞாயித்துக்கிழமை கேளுங்க. வியாழக்கிழமை கீரை."

"இது வேற கேள்வி. பெட்டிக்குள்ள ஒரு அடியேன் அந்த வலிப்புக்காரப் பிள்ளையோட பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அதை வெட்டணும். எந்த அடியேன்னு தெரியலை. எல்லாரையும் கேட்டுட்டேன். ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாவ. பிள்ளைக்கு விரலு துடிக்க ஆரம்பிச்சிட்டு. அடியேன் என்ன செய்யட்டும்?"

அம்மை கீரையைக் கீழே வைத்தார்.

"எந்த அடியேன் என்ன செய்யட்டும்னு கேக்கிய?"

கோலப்பனுக்குப் புரியவில்லை. அம்மை எழுந்து முற்றத்துக்குப் போய் மணியைப் பிடித்து ஆட்டினார். சாப்பாட்டு மணி அடிக்கிற நேரமில்லை அது. ஆளாளுக்குக் கையில் இருந்ததோடு ஓடி வந்தார்கள். கரண்டியோடு ஒருவர், பால் செம்போடு ஆவுடையப்பன், பஞ்சும் கையுமாகத் தங்கபுஷ்பம். மருந்தகத்திலிருந்து டாக்டரும், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளைக்காரியும் வந்து நின்றார்கள்.

அம்மை எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார்.

"அடியேன், முன்னால வா" என்றார்.

யாரும் வரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "நீங்க போங்க" என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டார்கள். தாணுமூர்த்தி ரொம்ப மரியாதையாக இரண்டடி பின்னால் போய் வழிவிட்டார்.

"அடியேன், வெளிய போ" என்றார் அம்மை.

எல்லாரும் திரும்பினார்கள். கரண்டி போனது. பால் செம்பு போனது. பஞ்சும் போனது. முற்றமே காலியாகிக்கொண்டிருந்தது. கோலப்பனும் கணினியை அணைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

"அண்ணாச்சி, நீங்க எங்க போறிய?"

"வெளிய போன்னு சொன்னிய…"

"அந்தப் பெட்டியை யாரு பாக்க? உங்க பாட்டனாரா?"

கோலப்பன் நின்றார். மெல்ல அவர் முகம் மாறியது. கையில் இருந்த திரையைப் பார்த்தார். வாசலில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

டாக்டர் மட்டும் நகராமல் நின்றிருந்தார். "நான் போகணுமா, நிக்கணுமா?"

"நீங்க ஒருத்தராவது நான்னு சொன்னியளே. நில்லுங்க" என்றார் அம்மை. வாசலைப் பார்த்துச் சத்தம் போட்டார். "எல்லாரும் உள்ள வாங்க. ஒவ்வொருத்தரா பேரைச் சொல்லணும். எந்த இடம்னு சொல்லணும். பெட்டிக்குள்ள எதை எடுத்து வச்சிருக்கேன்னு சொல்லணும். போய் எழுதி முடிச்சு, மூடிட்டு வரணும். அண்ணாச்சி, யாரு மூடினா எந்த வரி போகுதுன்னு பாருங்க. தாணுமூர்த்தி, முதல்ல நீரு."

"அடியேன்…"

"அது பேரில்லை."

"அம்மை, இத்தனை வருசமா…"

"பிள்ளைக்கு விரலு துடிக்குது ஓய்!"

தாணுமூர்த்தி நெளிந்தார். புருஷன் பேரைச் சொல்லச் சொன்ன புதுப்பெண் மாதிரி காலால் தரையைக் கீறினார். அப்புறம் யாருக்கோ சொல்வது போல் முனகினார்.

"தாணு… தாணுமூர்த்தி. தங்குற அறை. மூணாம் அறையில ஆள் மாத்திக்கிட்டிருந்தேன். பாதியில நிக்குது."

"அடியேன் யாருன்னு கேட்டீரே, இப்ப தெரிஞ்சுதா?" என்று கோலப்பன் பல்லைக் கடித்தார். தாணுமூர்த்தி ஓடிப்போய் மூடினார். திரையில் ஒரு வரி மறைந்தது. பிடித்திருந்த வரி அது இல்லை.

"ஆவுடையப்பன். தொழுவம். பால் கணக்கு. நேத்து உள்ளதையும் மூடலை."

வரி போனது. அதுவும் இல்லை.

தங்கபுஷ்பத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தங்கபுஷ்பம். ரத்தம். விடிஞ்சதுல இருந்து எழுதினது எதையும் சேவ் பண்ணலை."

"மேல கை காட்டினியளே!"

"பயமா இருந்துது அண்ணாச்சி. சேவ் பண்ணலைன்னு சொன்னா ஏசுவியளேன்னு."

ஏசக்கூட நேரமில்லை. தங்கபுஷ்பம் ஓடினார், சேவ் செய்தார், மூடினார். வரி போனது. அதுவும் அது இல்லை.

இப்படியே ஒவ்வொருவராகச் சொன்னார்கள். சிலர் சத்தமாக, சிலர் காதோடு. சொல்லச் சொல்லத் திரை மெலிந்தது. மருந்தகத்து வரியும் அதற்குப் பின்னால் நின்றவையும் போக, கடைசியில் ஒன்றே ஒன்றுதான் நின்றது. பிள்ளையின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, காலையில் இருந்த மாதிரியே, கல்லுப் பிள்ளையாராக.

"எல்லாரும் சொல்லியாச்சு" என்றார் கோலப்பன். "இது ஆளில்லாத வரி. பேய் வரி. யாரோடதும் இல்லை. வெட்டிருதேன்."

விரலைத் தூக்கினார்.

"இவிய சொல்லலியே" என்றாள் பிள்ளைக்காரி.

அம்மையைத்தான் காட்டினாள். அவள் வெளியூர்க்காரி. அவளுக்கு என்ன தெரியும்? கோலப்பன் அவளைப் பார்த்து "ஷ்ஷ்" என்றார்.

அம்மையின் முகத்தில் ரத்தம் ஏறியது. கண்ணை இறுக்கி மூடித் திறந்தார்.

"ஆமா. நான்தான்" என்றார்.

நான் என்ற அந்தச் சொல்லைக் கேட்டு யாரோ ஒருவர் கரண்டியைக் கீழே போட்டார்.

"செண்பகவல்லி. கிழக்கு அறை. காலையில நோயாளிப் பிள்ளைங்க பக்கத்தை எல்லாம் வாசிச்சிட்டுத்தான் பூசைக்கு உக்காருவேன். இந்தப் பிள்ளையோட பக்கத்துல தாய் பேரு இல்லை. எழுதலாம்னு எடுத்தேன். பேரு என்னன்னு தெரியலை. கேட்டுட்டு வருவோம்னு எழுந்தேன். கீரைக்காரி வந்துட்டா. மறந்துட்டேன்."

அந்தப் பேரை ஆசிரமத்தில் ஒருவரும் அதுவரை கேட்டதில்லை. அம்மைக்குப் பேர் இருக்கும் என்றே யாரும் நினைத்ததில்லை.

கோலப்பனின் விரல் அந்தரத்தில் நின்றது.

"வெட்டுங்க" என்றார் அம்மை.

"நீங்களே போய் மூடிருங்க அம்மை."

"கிழக்கு அறை மேட்டு மேல இருக்கு. நான் ஏறிப் போறவரைக்கும் பிள்ளை தாங்குமா? வெட்டுங்க."

"அம்மையோடதை அடியேன் எப்படி…"

"ஏன் அண்ணாச்சி, இப்பதானே வெட்டுதேன்னு கையை ஓங்கினிய!" என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அது யாருன்னு தெரியாதப்ப, டாக்டர்."

அம்மை கோலப்பனுக்குப் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஆள் தெரியாதப்ப துணிஞ்ச கை, தெரிஞ்சதும் ஏன் நடுங்குது?"

கோலப்பன் அம்மையைப் பார்த்தார். அப்புறம் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளையின் உதட்டு ஓரம் லேசாக ஒரு பக்கமாக இழுத்தது.

அவர் வெட்டினார்.

மருந்தகத்தில் சக்கரம் நின்றது. டாக்டர் ஓடினார். "பக்கம் வந்துட்டு!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. வீரியம் குறைந்த மருந்து, பாதி மூடியில்லை, கால் மூடி. பிள்ளை துப்பப் பார்த்தது. தாய் கன்னத்தைப் பிடித்து ஊட்டினாள். மதியம்வரைக்கும் டாக்டர் பிள்ளையை விட்டு நகரவில்லை. விரல் விட்டு விட்டுத் துடித்து, அப்புறம் எப்போது நின்றது என்று தெரியாமல் நின்றது. பிள்ளை தூங்கிப்போனது.

அம்மை அந்தப் பெண்ணின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உன் பேரென்ன மக்ளே?"

"பேச்சித்தாய்."

"நீ என்னைக் கைகாட்டலைன்னா நான் பேசாம நின்னுக்கிட்டேதான் இருந்திருப்பேன்."

"பிள்ளை விரலு துடிச்சுது. வேற என்ன செய்ய?" என்றாள் பேச்சித்தாய்.

மத்தியானப் பஸ் போய்விட்டது. ஆவுடையப்பன் பால் வண்டியில் அவளையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு மேல்மலைக்குப் போனார்.

கோலப்பன் அன்று சாப்பிடவில்லை. நடுக்கூடத்தில் உட்கார்ந்து அடியேன்களை ஒவ்வொன்றாக அழித்தார். ரத்தப் பரிசோதனை அறைக்கு அதன் பேர், ஆளின் பேர். தொழுவத்துக்கு அதன் பேர், ஆளின் பேர். எழுத எழுத அவருக்கு மனசுக்குள் எரிச்சலாக வந்தது. யார்மேல் எரிச்சல் என்று தெரியவில்லை. இத்தனை நாள் இவ்வளவு அழகாக இருந்த பட்டியல் இப்போது ரேஷன் கடை வரிசை மாதிரி இருந்தது.

சாயங்காலம் அம்மையிடம் போனார். நிற்கிற நிலையே சரியில்லை. அம்மை பார்த்துவிட்டார்.

"கேளுங்க. வியாழக்கிழமை ஆனாலும் பரவாயில்லை."

"பேரை விட்டாத்தான் அகந்தை விடும்னு வந்த அன்னைக்கே சொல்லிக் குடுத்திய. அதை நம்பித்தான் பெட்டிக்குள்ளயும் அப்படியே பண்ணினேன். இன்னைக்கு எல்லாரையும் நிக்க வச்சுப் பேரைச் சொல்ல வச்சிய. அன்னைக்குச் சொன்னது சரியா, இன்னைக்குச் செஞ்சது சரியா?"

"பேரெல்லாம் மாத்தி எழுதியாச்சா?" என்று அம்மை கேட்டார்.

"உங்க அறை ஒண்ணுதான் பாக்கி."

"அதுக்கு என்ன போடப் போறிய?"

கோலப்பன் கையைக் கட்டிக்கொண்டார். இதை அவர் மத்தியானமே யோசித்து முடித்துவிட்டார்.

"திருவடின்னு போடலாம்னு இருக்கேன்."

அம்மை ஒரு பெருமூச்சு விட்டார். பொறுமையெல்லாம் தீர்ந்து, அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்ததை வழித்து எடுத்தது போன்ற பெருமூச்சு.

"எனக்கு மறதி ஜாஸ்தி அண்ணாச்சி. நாளைக்கும் திறந்து போட்டுட்டு எழுந்து போவேன். யாரு பிள்ளைக்காவது அவசரம்னா, அந்தத் திருவடியை வெட்டுவியளா?"

கோலப்பன் இல்லை என்று தலையாட்டினார்.

"அப்ப செண்பகவல்லின்னு போடுங்க."